ஆற்றங்கரை மனையில் தரைத்தளத்தை யாருக்குக் கொடுப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

சென்னையில் அடையாற்றின் கரையிலும் அதன் கழிமுகத்தை ஒட்டியும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுந்த மூன்று மாடிக் குடியிருப்புகள் இப்போது ஒவ்வொன்றாக மறுகட்டுமானத்துக்கு வருகின்றன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே பழையதை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் வழிவிட்டபின், குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. வாசகர்கள் எழுதிக் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். மனை ஆற்றை ஒட்டியிருக்கிறது. கீழே கடைகள், மேலே வீடுகள் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் 2015 வெள்ளத்தைப் பார்த்த பிறகு கீழ்ப்பகுதியை எப்படி அமைப்பது என்பதில் சங்கம் நான்காகப் பிரிந்து கிடக்கிறது. பக்கத்து மனைக்காரர் செய்ததுபோல மண் கொட்டி உயர்த்திவிடலாம் என்கிறது ஒரு தரப்பு. பில்டர் கொண்டுவந்த வரைபடத்தில் வழக்கமான ஸ்டில்ட், அதாவது தூண்கள்மேல் வீடும் கீழே திறந்த கார் நிறுத்தமும், இருக்கிறது. ஐரோப்பாவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் ஆம்ஸ்டர்டாமின் மிதக்கும் வீடுகளைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். ஆற்றுப்பக்கம் இடம் விட்டுப் பின்னால் தள்ளிக் கட்டுவோம் என்பவர்கள் குறைவு. ஒரு சங்கத்தில் அப்படிச் சொன்னவர் ஒருவர்தான், அவரும் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்.

நான்கையும் அருகருகே வைப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீர்க்கரைக் கட்டடத்தின் முதல் மாடிக்கு மேலே வடிவமைப்பில் பெரிய புதுமைக்கு இடமில்லை. சூரிய மின் தகடுகள், மழைநீர்ச் சேகரிப்பு, குறுக்குக் காற்றோட்டம் எல்லாம் அடையாற்றுக் கரையில் எப்படியோ அண்ணா நகரிலும் அப்படியேதான். சிக்கல் முழுவதும் தரைத்தளத்தில் இருக்கிறது. கடை நடக்க வேண்டுமானால் அது சாலை மட்டத்தில் இருக்க வேண்டும். வெள்ளத்திலிருந்து தப்ப வேண்டுமானால் அது சாலை மட்டத்தில் இருக்கக் கூடாது. இந்த முரண்பாட்டை ஒவ்வொரு வழியும் எப்படித் தீர்க்கிறது, அல்லது தீர்த்ததுபோல் காட்டுகிறது என்பதைத்தான் கீழே எடைபோடுகிறேன்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தண்ணீர் எங்கே போகிறது என்பது. நம் மனைக்குள் வராத தண்ணீர் ஆவியாகிவிடுவதில்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அதற்குக் கீழே உள்ள ஏரிகளின் உபரிநீரும் நகரத்தின் மழைநீரும் அதே ஆற்றில் சேர்ந்தன. அந்த அளவு நீருக்கு முன்னால் தனி மனையின் மதில் தண்ணீரைத் தடுப்பதில்லை, திசைதிருப்பத்தான் செய்கிறது.

இரண்டாவது, கடை நடக்குமா என்பது. ஒரு மீட்டர் ஏற வேண்டுமென்றால் ஏழு படி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 12 மீட்டர் நீளம் கேட்கும். மாலையில் கீரை வாங்க வரும் பாட்டி ஏழு படி ஏறமாட்டார். எதிர்ப்பக்கத் தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீடு நனையாமல் இருந்தால் மட்டும் போதாது, மூன்று நாள் உள்ளேயே தங்க முடிய வேண்டும். 2015இல் மேல்மாடிகளில் இருந்தவர்கள் நனையவில்லை. ஆனால் மின்சாரம் இல்லை, மோட்டார் மூழ்கியதால் தண்ணீர் இல்லை, சம்ப் என்னும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கலந்துவிட்டது, லிப்ட் நின்றுவிட்டது. நான்காம் மாடியில் டயாலிசிஸ் தேவைப்படும் ஒருவர் இருந்திருந்தால் அந்த வீட்டின் உலர்ந்த தரையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

நான்காவது, முப்பது ஆண்டுச் செலவு. உப்புக் காற்றும் உப்பு நிலத்தடி நீரும் கம்பியைத் தின்னும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் 'கடுமை' என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்-30 தரமும் (எண் கூடினால் வலிமை கூடும்) கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. கடல்நீர்த் தெறிப்போ, அரிக்கும் தன்மையுள்ள நிலத்தடி நீரோ படும் இடத்தில் எம்-35, 50 மில்லிமீட்டர். கடல் ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் எம்-40, 75 மில்லிமீட்டர். பில்டரின் விலைப்பட்டியலில் வெறுமனே எம்-25 என்று எழுதியிருந்தால் அது ஆற்றோரத்துக்காகப் போட்ட பட்டியல் இல்லை.

ஐந்தாவது அனுமதி. பேச்சில் கடைசியாக வந்தாலும் வேலையில் இதுதான் முதலில் வர வேண்டும். 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் ஏறும் ஆறு, கழிமுகங்களின் கரையில் 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் குறைந்ததைக் கட்டுப்பாட்டு எல்லையாக வைத்தது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஏற்கெனவே நகரமான இரண்டாம் வகை மண்டலத்தில்கூட, இருக்கும் சாலைக்கோ அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். உயர் ஓதக் கோடு உங்கள் மனையை எங்கே தொடுகிறது என்பதை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் வரைந்து வாங்கிய பிறகே கட்டடக் கலைஞரை அழைக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, அழகான முகப்புப் படத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டியபின் அனுமதிக்கு அலையும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

வழி ஒன்று: மண் கொட்டி மனையை உயர்த்துவது

பத்து கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 24,000 சதுர அடி, அதாவது 2,230 சதுர மீட்டர். அதை ஒரு மீட்டர் உயர்த்த 2,230 கன மீட்டர் மண் வேண்டும். கெட்டிப்படுத்தும்போது அமுங்கும் அளவையும் சேர்த்தால் அதைவிடக் கூடுதலாகவே வாங்க வேண்டியிருக்கும். இந்த எண்ணை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். வெள்ளத்தின்போது அந்த மனையில் தேங்கியிருக்கக்கூடிய 22 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் சொன்னால் ஏறத்தாழ 186 லாரி, இனி அக்கம்பக்கத்துக்குப் போகும். நம்மைவிடத் தாழ்ந்த வீடு எது என்று தெருவில் நடந்து பார்த்தாலே யார் வீட்டுக்குப் போகும் என்பது தெரிந்துவிடும்.

நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றிலேயே மனையை இந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை வருவதுண்டு என்பதால், மண் கொட்டுவதே சட்டம் சொல்லும் வழி என்று பலர் நினைக்கிறார்கள். தனி மனைக்கு அது பாதுகாப்பு, தெரு முழுவதற்கும் அது போட்டி. நீங்கள் உயர்த்தினால் அடுத்தவர் உயர்த்துவார், மாநகராட்சி சாலையை மேலே மேலே போட்டுக்கொண்டே போகும், பதினைந்து ஆண்டில் நீங்கள் கொட்டிய மண்ணின் பயனில் பாதி கரைந்திருக்கும்.

மேடாக்குவதை உருப்படியாகச் செய்த இடம் ஜெர்மனியின் ஹாம்பர்க். 1962 பிப்ரவரியில் எல்பே ஆற்றில் ஏறிய புயல்வெள்ளம் அந்நகரில் முந்நூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. பின்னர் 2000ஆம் ஆண்டின் பெருந்திட்டப்படி பழைய துறைமுக நிலம் 157 ஹெக்டேரில் 'ஹாஃபன்சிட்டி' என்ற குடியிருப்பு, அலுவலக, கடைப்பகுதியாக மாற்றப்பட்டபோது, அந்த இடம் நகரின் வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே இருந்தது. புதிதாகக் கரை எழுப்பாமல், கட்டடங்களையும் சாலைகளையும் கடல் மட்டத்துக்கு மேல் எட்டு முதல் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார்கள். ஏற்றிய உயரத்துக்குள் வாகன நிறுத்தம், அதற்கு வெள்ளக் கதவுகள். நீரோர நடைபாதையை மட்டும் வேண்டுமென்றே தாழ்வாக விட்டார்கள். 2013 டிசம்பர் புயலில் நடைபாதைகள் மூழ்கின, வீடுகள் மூழ்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது உயரமல்ல. கடையோடு தெருவும் சேர்ந்து ஏறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதனால்தான் அங்கே கடை வாசலில் படி இல்லை. தீயணைப்பு வண்டி வருவதற்கும் மக்கள் வெளியேறுவதற்கும் உயர்ந்த பாலங்களைத் தனியாக அமைத்தார்கள். நிலம் பெரும்பாலும் நகரத்துக்கே சொந்தமாக இருந்ததால் இது முடிந்தது. நம் தெருவில் பத்து கிரவுண்டுக்காரர் ஒருவர் ஹாம்பர்க்கைக் காட்டி மண் கொட்டினால் அவருக்குக் கிடைப்பது ஹாம்பர்க்கின் மேடு மட்டும்தான். அதன் தெரு அவருக்குக் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது அடிமண்ணின் அமுங்கல். ஒரு மீட்டர் மண் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1.8 டன் அழுத்தும். கழிமுகத்தின் களிமண் அந்த எடைக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கும். ஆழத்தில் இறக்கிய பைல் தூண்கள்மேல் நிற்கும் கட்டடம் அமுங்காது, சுற்றியுள்ள தரை மட்டும் அமுங்கும். கழிவுநீர்க் குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடத்தில் முறிவது இதனால்தான். அதை யாரும் வெள்ளக் கணக்கில் எழுதுவதில்லை, பிளம்பர் கணக்கில் எழுதுகிறார்கள்.

வழி இரண்டு: ஸ்டில்ட்

சென்னையின் வழக்கமே இதுதான் என்பதால் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தூண்கள்மேல் வீடு, கீழே கார். வாகன நிறுத்தத்துக்கான ஸ்டில்ட்டைத் தளப்பரப்புக் குறியீட்டில் (மனையின் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பில்) சேர்ப்பதில்லை என்பதால் பில்டருக்கு இதில் இழப்பில்லை. தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகும். அண்டைவீட்டுக்காரரின் பங்கை நீங்கள் தள்ளிவிடுவதில்லை. முதல் அளவுகோலில் இது மண் மேட்டைவிட நேர்மையான வழி.

ஆனால் ஒரு ஸ்டில்ட்டுக்குள் நின்று சுற்றிப் பாருங்கள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் மின்சார மீட்டர் பலகை. மூலையில் சம்ப் மூடி, தரையோடு தரையாக. அதன் பக்கத்தில் மோட்டார். பின்பக்கம் ஜெனரேட்டர், அரையடி மேடைமேல். லிப்ட்டின் குழி தரைக்குக் கீழே. படிக்கட்டுக்கு அடியில் ஆறுக்கு எட்டு அடி அறையில் காவலாளியும் அவர் மனைவியும் குழந்தையும். வெள்ளம் வந்தால் நனையட்டும் என்று விடப்பட்ட தளத்தில், கட்டடம் இயங்கத் தேவையான அத்தனையும், அந்த வளாகத்தின் மிக ஏழைக் குடும்பமும் இருக்கின்றன. ஸ்டில்ட் என்ற வழியில் குறையில்லை. அதைக் காலியாக விட மனம் வராததுதான் குறை.

அமைப்பிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கீழே சுவரே இல்லாமல் மேலே முழுக்கச் சுவருள்ள கட்டடம் நிலநடுக்கத்தில் கணுக்கால் மடங்குவதுபோல மடங்கும். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், மையப்பகுதியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் இடிந்த அடுக்ககங்களில் பல இந்த வகைதான். அடுத்த ஆண்டு வந்த தர நிர்ணயத் திருத்தத்தில் சென்னை நிலநடுக்க அபாயத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. தூண்களோடு கான்கிரீட் சுவர்களும் சில இடங்களில் கீழிருந்து மேல்வரை போக வேண்டும். அவற்றை வெள்ளம் பாயும் திசைக்கு இணையாக வைப்பது நல்ல வடிவமைப்பாளருக்கான சிறு சோதனை.

கடை என்ற அளவுகோலில் ஸ்டில்ட் முழுத் தோல்வி. தெருவைப் பார்த்து இரும்புக் கேட், அதற்குப் பின்னால் இருட்டில் கார் வரிசை. ஆற்றங்கரைச் சாலையில் இப்படிப் பத்துக் கட்டடங்கள் தொடர்ந்து வந்தால் இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே நடக்க ஆளிருக்காது. கீழே கடை என்று சங்கம் தீர்மானம் போட்டுவிட்டு ஸ்டில்ட் வரைபடத்துக்குக் கையெழுத்திடுவது ஒன்றோடொன்று பொருந்தாது.

தூண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அழகுக்காக டைல்ஸ் ஒட்டாதீர்கள். ஈரமும் உப்பும் ஏறிய தூணில் துரு முதலில் கம்பியின் நீளத்துக்கு நேராக ஒரு மயிரிழை வெடிப்பாகத் தெரியும். பிறகு பழுப்புக் கறை. பிறகு தட்டினால் 'டொப்' என்று பொள்ளல் ஒலி. வெடிப்பு நிலையில் பிடித்தால் செலவு ஆயிரங்களில் முடியும். டைல்ஸுக்குப் பின்னால் இருந்தால் மூன்றாம் நிலையில்தான் தெரியவரும், அப்போது செலவு லட்சங்களில்.

வழி மூன்று: மிதக்கும் வீடு

படத்தில் பார்க்க மிக அழகானது இதுதான், நமக்கு மிகவும் தூரமானதும் இதுதான். ஆம்ஸ்டர்டாமின் வடக்கே ஒரு கால்வாயில் 'ஸ்கோன்ஸ்கிப்' என்ற மிதக்கும் குடியிருப்பில் 46 குடும்பங்கள் வாழ்கின்றன. கான்கிரீட் தொட்டிகள்மேல் வீடுகள். கால்வாய் நீரிலிருந்தே வெப்பம் எடுக்கும் கருவிகள். கூரைகளில் சூரிய மின் தகடுகள். வீடுகள் தமக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ள, நகர மின்கட்டத்துக்கு ஒரே ஓர் இணைப்பு. நிலைத்த வாழ்வுக்கான வடிவமைப்பு என்ற அளவில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அங்கே அது நடப்பதற்குக் காரணம் தொழில்நுட்பத்தைவிட நீரின் குணம். அந்தக் கால்வாய்களில் நீர்மட்டம் மதகுகளால் கட்டுப்படுத்தப்படுகிறது, ஓதம் கிடையாது. அதே நெதர்லாந்தில் மாஸ் ஆற்றங்கரையில் மாஸ்பொம்மல் என்ற ஊரில் வேறொரு வகையும் உண்டு. சாதாரண நாளில் தரையில் அமர்ந்திருந்து, வெள்ளத்தில் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு மேலே எழும் வீடுகள். அங்கும் வெள்ளம் மெதுவாக ஏறுகிறது, முன்கூட்டியே தெரிகிறது.

அடையாற்றின் கழிமுகத்தில் கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும், நீர் கறுத்துத் தேங்கும். டிசம்பரில் அதே இடத்தில் மரக்கிளையும் குப்பையும் ஆகாயத்தாமரையும் அடித்துக்கொண்டு வெள்ளம் பாயும். ஒரு நாள் சேற்றில் குந்தி மறுநாள் வெள்ளத்தில் இழுபடும் வீட்டை எந்த வங்கி அடமானமாக ஏற்கும்? நம் சட்டத்தில் அதை மனை என்பதா, படகு என்பதா? மனைப்பங்கு என்னும் யுடிஎஸ் இல்லாத வீட்டை நம் ஊரில் விற்கவும் முடியாது. இந்த வழியை மதகு கட்டிய ஏரியிலோ துறைமுகத்தின் உள்நீரிலோ, அதுவும் வீடாக அல்லாமல் உணவகம், படகுத்துறை போன்றவற்றுக்குப் பரிசீலிக்கலாம். சங்கக் கூட்டத்தில் இதற்கு ஐந்து நிமிடத்துக்குமேல் கொடுக்க வேண்டாம்.

வழி நான்கு: பின்வாங்கிக் கட்டி, முன்பகுதியை நனைய விடுவது

இதில் இரண்டு பாகங்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஒன்று, ஆற்றுப்பக்கம் மனையின் ஒரு பகுதியைத் தாழ்வாக, திறந்தவெளியாக விடுவது. மற்றது, சாலைப்பக்கம் கடைகளை வைத்து, அவை நனைந்தாலும் மறுவாரமே திறக்கக்கூடியவையாகக் கட்டுவது. வீடுகள் முதல் மாடியிலிருந்து தொடங்கும்.

தாழ்வாக விடுவது வீணென்று நினைப்பவர்கள் சிங்கப்பூரின் பிஷான்–ஆங் மோ கியோ பூங்காவைப் பார்க்கலாம். 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நெளிந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். சாதாரண நாளில் கரைப்புல்லில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கனமழையில் எச்சரிக்கை ஒலி கேட்டதும் மக்கள் மேலேறிவிட, அந்தப் புல்வெளியே ஆறாகிறது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள்தான். நம் ஊரிலும் அடையாறு சிற்றோடையில் 58 ஏக்கரில் மீட்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, நகரின் நடுவில் ஓத நீருக்கு இடம் விட முடியும் என்பதற்குச் சான்று.

தளப்பரப்புக் குறியீடு மனை முழுவதுக்கும் கணக்கிடப்படுவதால், ஆற்றுப்பக்கம் விட்ட இடத்துக்கான பரப்பை மேலே கட்டிக்கொள்ளலாம். இங்கே மறைந்திருக்கும் செலவு உயரம். 18.3 மீட்டரைத் தாண்டினால் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது உயர்மாடிக் கட்டடமாகிவிடும். சாலை அகலம், பக்க இடைவெளி, தீயணைப்பு எல்லாமே வேறு கணக்கு. உங்கள் சாலை குறுகலானது என்றால் விட நினைக்கும் இடத்தை அந்த எல்லைக்குள் அடக்கியாக வேண்டும். மனை 3,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், பத்து விழுக்காடு திறந்தவெளி ஒதுக்கும் விதியும் வரும். சாலைத் தொடர்பு அமையுமானால் அதை ஆற்றுப்பக்கமாகவே கொடுத்துவிடுவது இரட்டை லாபம்.

கடைகளுக்கு வருவோம். நான் பரிந்துரைக்கும் மட்டம் சாலையிலிருந்து 45 சென்டிமீட்டர். மூன்று படி, அல்லது ஐந்தரை மீட்டர் சாய்தளம். ஆண்டுதோறும் வரும் மழைத் தேக்கம் உள்ளே வராது. பத்தாண்டுக்கொருமுறை வரும் வெள்ளம் வரும், வரட்டும். தரைக்குக் கடப்பைக் கல். சுவரில் ஒன்றரை மீட்டர் உயரம்வரை சிமெண்ட் பூச்சின்மேல் டைல்ஸ். பிளைவுட், ஜிப்சம் எதுவும் கூடாது. மின்வயர் கூரையிலிருந்து கீழே இறங்கி ஒன்றரை மீட்டரோடு நிற்க வேண்டும், தரையிலிருந்து மேலே ஏறக் கூடாது. ஷட்டர் கம்பி வலைபோல் நீர் புகுவதாக இருக்க வேண்டும். நீர் புகாமல் அடைப்பதே பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் வெளியே ஒரு மீட்டர் நீர் நின்றால் அது ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரிலும் அரை டன் தள்ளும். உள்ளேயும் அதே அளவு நீர் இருந்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளத்தில் முதலில் சாய்வது காம்பவுண்டுச் சுவர் என்பதன் காரணமும் இதுதான்.

ஒவ்வொரு கடைக்கும் முதல் மாடியில் ஒரு சிறு சேமிப்பு அறையை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். எச்சரிக்கை வந்தால் இரண்டு மணி நேரத்தில் சரக்கு மேலே போக வேண்டும். டீக்கடை, காய்கறி, மீன், இஸ்திரி, சைக்கிள் பழுது, முடிதிருத்தகம் இவற்றுக்கு இது பொருந்தும். மருந்துக்கடை, மாவு மில், ஜெராக்ஸ் கடை, வங்கி லாக்கர் பொருந்தாது. அவற்றுக்கு இடம் முதல் மாடியில், லிப்டோடு. கரையிலிருந்து அகற்றப்பட்டுப் புறநகரில் பெரும்பாக்கத்தின் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் இழந்தது வீட்டைவிட, நடந்து போகும் தூரத்திலிருந்த இத்தகைய சிறு பிழைப்புகளைத்தான். அந்தப் பிழைப்புக்குத் திரும்ப இடம் தருவது இந்த வழி ஒன்றுதான். மற்ற மூன்றில் இஸ்திரி வண்டிக்கு வாசல் கிடையாது.

மீட்டர் பலகை, ஜெனரேட்டர், மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் முதல் மாடி மட்டத்துக்கு. லிப்ட், எச்சரிக்கை வந்ததும் முதல் மாடியோடு நிறுத்திவைக்கும் வசதியுடன். கழிவுநீர் வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு. இல்லையென்றால் தெருச் சாக்கடை உங்கள் கழிப்பறை வழியாகவே மேலே வரும். காவலாளி குடும்பத்துக்கு முதல் மாடியில் ஒரு வீடு. இந்தக் கடைசி வரியில் பில்டர் புருவத்தை உயர்த்துவார், சங்க உறுப்பினர்களும் உயர்த்துவார்கள். அதற்காக அதை அடித்துவிடாதீர்கள்.

காற்றைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. வடிவமைப்பு இதழ்களில் அடிக்கடி வரும் சுவீடனின் மால்மோ நகரக் கடற்கரைக் குடியிருப்பில், 2001 கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட போ-01 பகுதியில், கடற்பக்கம் உயரமான கட்டடங்களைச் சுவர்போல நிறுத்தி உள்ளே தாழ்ந்த வீடுகளை வைத்தார்கள். குளிர்க்காற்றைத் தடுக்க அது சரி. சென்னையில் பிற்பகலில் வரும் கடற்காற்றுதான் அந்த நாளின் ஆறுதல். இங்கே அதே வரைபடத்தைப் போட்டால் பின்வீடுகள் எல்லாம் ஏ.சி.யை நம்பி வாழ வேண்டும். மால்மோவிலிருந்து எடுக்க வேண்டியது வேறு: மழைநீரைக் குழாயில் மறைக்காமல் முற்றத்தில் திறந்த ஓடையாக விட்டதும், 35 பசுமை அம்சங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்துப் பத்தையாவது செய்தாக வேண்டும் என்று கட்டுபவர்களைக் கட்டாயப்படுத்தியதும்.

ஒரே பார்வையில்

| | மண் மேடு | ஸ்டில்ட் | மிதப்பது | பின்வாங்கல் + நனையும் கடை |
|---|---|---|---|---|
| அண்டை வீட்டுக்குப் பாதிப்பு | அதிகம் | குறைவு | இல்லை | இல்லை. ஓரளவு நன்மை |
| தெருக்கடை | படி ஏற வேண்டும் | இல்லை | இல்லை | நடக்கும் |
| மூன்று நாள் உள்ளே தங்குதல் | முடியும், வெளியே வர வழி இருந்தால் | கருவிகள் மேலே இருந்தால் மட்டும் | இங்கே சோதிக்கப்படாதது | முடியும் |
| தொடர் செலவு | தரை அமுங்கல், குழாய் முறிவு | தூண் துரு | மிக அதிகம் | வெள்ளத்துக்குப் பின் கடை சீரமைப்பு |
| அனுமதி | எளிது | எளிது | தெளிவில்லை | உயரத்தைப் பொறுத்தது |

யாருக்கு எது

அரசோ வீட்டு வசதி வாரியமோ ஒரு தெரு முழுவதையும், அல்லது ஒரு குப்பம் முழுவதையும் ஒரே நேரத்தில் திரும்பக் கட்டுகிறது என்றால் மேடாக்குவது சரியான வழி. தெருவும் வடிகாலும் சேர்ந்து ஏறும். ஐந்து கிரவுண்டுக்குக் கீழே, சாலை குறுகல், எட்டுப் பத்து வீடு என்றால் ஆற்றுப்பக்கம் விட இடமே இருக்காது. அங்கே ஸ்டில்ட்டை எடுத்துக்கொண்டு, தெருமுகத்தில் இரண்டு கார் நிற்கும் அகலத்தை மட்டும் மேலே சொன்ன நனையும் கடையாக மாற்றுங்கள், இயந்திரங்களை மேலே ஏற்றுங்கள். பத்து கிரவுண்டுக்கு மேல், சாலையும் அகலம், ஆற்றைத் தொடும் எல்லையும் நீளம் என்றால் நான்காவது வழியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குக் கடை வாடகை சற்றுக் குறையும். அந்தக் குறைவைக் குடியிருப்போர் எல்லோரும் பகிர்ந்துகொள்வதாக ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் முதல் வெள்ளத்திலேயே கடைக்காரரும் சங்கமும் நீதிமன்றத்தில் நிற்பார்கள்.

பில்டரோடு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் முகப்புப் படத்தைக் கேட்காதீர்கள். கட்டடத்தின் குறுக்குவெட்டுப் படத்தைக் கேளுங்கள். அதில் சாலை மட்டம், உயர் ஓத மட்டம், 2015இல் உங்கள் வளாகச் சுவரில் சேறு படிந்த மட்டம் ஆகிய மூன்றையும் மூன்று கோடுகளாகப் போடச் சொல்லுங்கள். பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன்பே அந்தச் சேற்றுக் கோட்டைச் சர்வேயரைக் கொண்டு அளந்து எழுதி வைத்துவிடுங்கள். சுவரோடு அதுவும் போய்விடும்.